முதல் சம்பளத்துக்கு முன்னால் ஒரு வருஷம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே மாதம் வந்துவிட்டால் உங்கள் நாளிதழைப் பிரிக்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் தொடங்கிப் பொறியியல் கலந்தாய்வு முடியும் வரை கல்லூரிகளின் முழுப்பக்க விளம்பரங்கள் வரும் அல்லவா, அதில் தபால்தலை அளவில் நூறு நூற்றைம்பது முகங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு நிறுவனத்தின் பெயர், அதற்கும் கீழே லட்சத்தில் ஒரு தொகை. எங்கள் துறைப் பிள்ளைகளின் புகைப்படங்களைச் சேகரித்து மேலே அனுப்புகிற ஆள் நான்தான். உற்றுப் பார்த்தால் தெரியும், இருபது பையன்கள் போட்டிருப்பது ஒரே கோட்டாக இருக்கும். துறை அலமாரியில் இரண்டு கோட்டும் மூன்று டையும் வைத்திருக்கிறோம், ஒருவன் கழற்ற அடுத்தவன் மாட்டிக்கொள்வான்.

நாமக்கல் மாவட்டத்தில் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் துறையில் பதினான்கு வருஷமாக வேலை பார்க்கிறேன். அதில் ஒன்பது வருஷம், பிள்ளைகளுக்குக் கம்பெனிகளில் வேலை ஏற்பாடு செய்கிற பிளேஸ்மென்ட் வேலையும் என் தலையில். பெயரும் கல்லூரியும் போட வேண்டாம், எனக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். அந்தப் புகைப்படம் ஆஃபர் லெட்டர் வந்த அன்றைக்கு எடுப்பது. அதற்குப் பிறகு அந்தப் பையன் வேலையில் சேர்ந்தானா, எப்போது சேர்ந்தான், சேர்ந்து நாலு மாதம் கழித்துத் தூங்குகிறானா சாப்பிடுகிறானா என்று கேட்கிற பழக்கம் எங்களிடம் கிடையாது. கல்லூரியின் கணக்கு ஆஃபர் லெட்டரோடு முடிகிறது, கம்பெனியின் கணக்கு சேர்ந்த நாளில் தொடங்குகிறது. நடுவில் ஆறு மாதமோ ஒரு வருஷமோ அந்தப் பிள்ளை யாருடைய பட்டியலிலும் இல்லை. சேர்ந்த பிறகும் முதல் சில மாதங்கள் அப்படித்தான். மாணவர் மனநலம் என்று இப்போது நிறையப் பேசுகிறோம், கருத்தரங்கு நடத்துகிறோம், நானும் இரண்டில் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். அந்தப் பேச்செல்லாம் வளாகத்துக் கேட்டோடு நின்றுவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

2021-22 ஞாபகம் இருக்கும். கொரோனாவுக்குப் பிறகு ஐடி நிறுவனங்கள் அள்ளி அள்ளி எடுத்தன. எங்கள் மெக்கானிக்கல் பையன்களையே, டர்பைன் தவிர வேறெதுவும் தெரியாதவனையெல்லாம், கோடிங்குக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். எங்களுக்கும் தலைகால் புரியவில்லை, ஒரே பையனுக்கு மூன்று லெட்டர். 2022 பாதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாடிக்கையாளர்கள் கையைச் சுருக்கினார்கள், இங்கே சேரும் தேதி தள்ளிப்போக ஆரம்பித்தது. ஆகஸ்ட் என்றார்கள், அப்புறம் தீபாவளிக்குப் பிறகு, அப்புறம் மின்னஞ்சலே வரவில்லை. ஆறரை லட்சம் என்று சொல்லிக் காக்க வைத்திருந்த ஒரு பெரிய நிறுவனம், மூன்றரை லட்சத்துக்கு வர விருப்பமா என்று 2023 பிப்ரவரியில் கேட்டது நாடு முழுவதும் செய்தியாயிற்று. பேரம் பேசுகிற இடத்திலா இருந்தார்கள் பிள்ளைகள், பெரும்பாலும் சரி என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த வருஷத்துப் பையன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளிபாளையம் பக்கம், அப்பா கூலிக்குத் தறி ஓட்டுகிறவர். வீட்டில் முதல் பட்டதாரி. வகுப்பில் சத்தம் போடாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பான், எந்த ஆசிரியருக்கும் பெயர் சட்டென்று வாயில் வராது, அப்படிப்பட்டவன். 2021 நவம்பரில் ஆஃபர், 2022 ஜூனில் கடைசித் தேர்வு. அந்த 2022 நவம்பரில் ஒரு ராத்திரி பதினொன்றரை மணிக்கு அந்த பேட்ச் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறினான். வெளியேறினார் என்று குழு அட்மினுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு வரி வரும் இல்லையா, அவ்வளவுதான். அன்றைக்குக் குழுவில் யாரோ தன் முதல் சம்பளத்தில் வாங்கிய பைக்கைப் போட்டிருந்தான், நாற்பது பேர் வாழ்த்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கூட ஒரு கட்டைவிரல் போட்டேன். இவன் போனதை மறுநாள் காலையில்தான் கவனித்தேன், கவனித்தும் இரண்டு வாரம் ஒன்றும் செய்யவில்லை.

அப்புறம் ஏதோ உறுத்தி போன் போட்டேன். எடுத்தான். பின்னால் தறிச் சத்தம், ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. "சார், இங்க சத்தமா இருக்கு சார், அப்புறம் கூப்பிடுறேன்" என்றான். கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டில் ஒரு கல்யாணம், திரும்புகிற வழிதானே என்று வண்டியைத் திருப்பினேன். பட்டறையில் குனிந்து தறி நாடாவில் நூல் சுற்றிய தார்க்குச்சியை மாற்றிக்கொண்டிருந்தான், தலைமுடியெல்லாம் பஞ்சு. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவன் முகத்தில் சந்தோஷம் இல்லை, தப்புச் செய்து பிடிபட்டவன் மாதிரி நின்றான். எதற்கு? அப்பா வேலையைச் செய்ததற்கா?

வீட்டுக்குள் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு பிளாஸ்டிக் உறை தொங்கியது. உள்ளே அந்த ஆஃபர் லெட்டர். மூலையில் மஞ்சள், நடுவில் ஒரு குங்குமப் பொட்டு, அவனுடைய அம்மா வைத்தது. அந்த லெட்டரை நான் நூறு முறை படித்திருப்பேன், வருஷா வருஷம் அதே வாசகம். சேரும் தேதி நிறுவனத்தின் தேவைக்கு உட்பட்டது என்று இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். பொட்டு விழுந்திருந்தது முதல் பக்கத்தில். அவனுடைய அப்பா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், "சேரச் சொல்லி லெட்டரு வந்துருமுங்களா சார்?" வந்துரும்ங்க என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை, வேறு என்ன சொல்வது.

தெரு முனை வரைக்கும் வண்டியோடு நடந்து வந்தான். அப்போதுதான் கொஞ்சம் பேசினான். மூன்று மாதமாக ராத்திரி இரண்டு மணிக்கு முன்னால் தூக்கம் கிடையாது. விடிந்ததும் மின்னஞ்சல், மத்தியானம் மின்னஞ்சல், ஸ்பேம் பெட்டியையும் திறந்து பார்ப்பது. எந்த விசேஷத்துக்கும் போவதில்லை, ஏனென்றால் போனால் "எங்கப்பா இருக்க இப்ப" என்று கேட்பார்கள். கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, விளம்பரத்தில் அவன் முகத்தைப் பார்த்தவர்கள். அவனுடைய பெரியப்பா அந்தப் பக்கத்தைக் கத்தரித்துத் தன் டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்தாராம். "அத எடுக்கச் சொல்லவும் முடியல சார், அந்த வழியா போகவும் முடியல" என்றான்.

அந்தப் பக்கத்துக்குப் படம் அனுப்பியது யார் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன்.

சரி, இதில் பணம் எங்கே வருகிறது என்று பார்க்கலாம். மனநலம் என்று பேசும்போது பணத்தைத் தொடாமல் போகிற பழக்கம் நமக்கு இருக்கிறது. கல்விக் கடன் வாங்கியவர்களுக்குத் தெரியும், படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரைதான் தவணை கட்டாமல் இருக்கலாம். அந்த ஒரு வருஷமும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். குடும்ப வருமானம் குறைவு என்று மத்திய அரசின் வட்டி மானியம் கிடைத்தவர்களுக்கும் அது அந்த ஒரு வருஷத்தோடு நின்றுவிடும். ஆஃபர் கையில் இருக்கிறது, சேரும் தேதி இல்லை என்பதையெல்லாம் வங்கியின் கம்ப்யூட்டர் கேட்காது. நம் பையனுக்கு 2023 ஜூனில் வங்கியிலிருந்து கடிதம் வந்துவிட்டது, தவணை ஐந்தாயிரத்துச் சொச்சம். கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது ஜூலை கடைசியில். நடுவில் அந்த ஆறு வாரம் அந்த வீட்டில் என்ன பேச்சு ஓடியிருக்கும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவனுடைய அப்பா தோட்டை அடகு வைத்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அம்மாவினுடைய தோடுதான், அவரிடம் ஏது.

மாநில அரசின் வேலையில்லாதோர் உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் முடிந்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அது போகட்டும், பொறியியல் மாதிரித் தொழிற்படிப்பு படித்தவர்களுக்கு அது கிடையவே கிடையாது. இன்ஜினியருக்கு எதற்கு உதவித்தொகை என்று எந்தக் காலத்திலோ யாரோ நினைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அது நியாயமாகவும் இருந்திருக்கும்.

இதற்கு நடுவில் இன்னொரு கூட்டம் குரூப் 4 பக்கம் போகிறது. பத்தாம் வகுப்பு தகுதிக்கான அரசு வேலைத் தேர்வு. 2024 ஜூன் தேர்வுக்கு 6,244 இடம் என்று அறிவித்தார்கள், விண்ணப்பித்தவர்கள் சுமார் இருபது லட்சம். நாமக்கல் நூலகத்துப் படிப்பறையில் என் பழைய மாணவர்களைப் பார்த்திருக்கிறேன், பார்த்தால் புத்தகத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்கள். இப்போதெல்லாம் அந்தப் பக்கம் போனால் நானே பத்திரிகைப் பகுதியோடு திரும்பிவிடுகிறேன்.

பெண்பிள்ளைகளின் காத்திருப்பு வேறு மாதிரி. பையன் சும்மா இருந்தால் தண்டச்சோறு என்பார்கள், பெண் சும்மா இருந்தால் ஜாதகம் எடுப்பார்கள். எலெக்ட்ரானிக்ஸ் துறையில் ஒரு பெண், எங்கள் கல்லூரி விழாவில் மேடையில் நின்று பேசினால் கூட்டம் அடங்கும், அப்படிப்பட்ட வாய். எட்டு மாதம் காத்திருந்தாள். ஒன்பதாவது மாதம் சேரும் தேதியும் நிச்சயதார்த்தத் தேதியும் ஒரே வாரத்தில் வந்தன. சேரவில்லை. அவள் சந்தோஷமாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. அவள் படம் மட்டும் அந்த வருஷமும் மறு வருஷமும் விளம்பரத்தில் வந்தது, சேர்ந்தவள் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது நோ டியூஸ் படிவம் பற்றிச் சொல்ல வேண்டும். கடைசித் தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நூலகம், விடுதி, ஒவ்வொரு ஆய்வகம், விளையாட்டு, கணக்குப் பிரிவு, துறைத்தலைவர், பத்துப் பதினைந்து கையெழுத்து. கடைசியாக அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தால்தான் மாற்றுச் சான்றிதழ். நானும் வருஷத்துக்கு அறுபது கையெழுத்துப் போடுகிறேன், தலை நிமிராமல். இவன் கல்லூரிக்கு ஒன்றும் பாக்கி வைக்கவில்லை என்று எழுதிக் கொடுக்கிறோம். கல்லூரி இவனுக்குப் பாக்கி வைத்திருக்கிறதா என்பதற்கு அதில் கட்டம் கிடையாது.

2023 மார்ச்சில் அந்தப் பள்ளிபாளையத்துப் பையனை நானே கல்லூரிக்கு வரச் சொன்னேன். எங்களிடம் ஆலோசகர் ஒருவர் உண்டு, உளவியல் படித்த அம்மா, செவ்வாய் வெள்ளி வருவார், நன்றாகப் பேசுவார், பிள்ளைகளுக்கு அவரிடம் பயம் கிடையாது. அவரைப் பார்த்துவிட்டுப் போ என்றேன். வந்திருக்கிறான். கேட்டில் செக்யூரிட்டி அடையாள அட்டை கேட்டிருக்கிறார். பழைய மாணவன் என்று சொல்லியிருக்கிறான். எதற்கு வந்தாய், யாரைப் பார்க்க, நோட்டில் எழுது. "காரணம்" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் திரும்பிப் போய்விட்டான். செக்யூரிட்டியைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு இட்ட வேலை அது. நான் வாசலுக்குப் போய் நின்றிருக்க வேண்டும், வகுப்பில் இருந்தேன்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம் பற்றி நாடு முழுவதற்கும் வழிகாட்டு நெறிகளைச் சொன்னது. நூறு மாணவரோ அதற்கு மேலோ இருக்கிற கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. நல்ல விஷயம், மனதார வரவேற்கிறேன். ஆனால் அதை எங்கள் அலுவலகச் சுற்றறிக்கையில் படித்தபோது எனக்கு அந்தக் கேட்டும் அந்த நோட்டும்தான் ஞாபகம் வந்தன. மாணவர் என்றால் அட்டை வைத்திருப்பவர். அட்டையைக் கொடுத்த மறுநாள் அவர் யார்?

சேர்ந்த பிறகு சரியாகிவிடும் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். பையன் 2023 ஆகஸ்டில் சென்னையில் சேர்ந்தான், துரைப்பாக்கத்தில் பிஜி என்கிற தனியார் விடுதி ஒன்றில் மூன்று பேர் தங்குகிற அறை. முதல் வாரம் போன் செய்தான், சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னான். "சார், இங்க யாரையும் சார்னு கூப்பிடக் கூடாதாம் சார். மேனேஜரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடணுமாம்." நானும் சிரித்தேன். ஒரு மாதம் கழித்து அதே விஷயத்தைச் சிரிக்காமல் சொன்னான். அவனுக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை. நாற்பத்தைந்து வயது ஆள், அவன் அப்பா வயது, எப்படிப் பேர் சொல்வது. அதனால் சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் அவர் மேஜைக்குப் பக்கத்தில் போய் அவரே நிமிர்ந்து பார்க்கும் வரைக்கும் நிற்பானாம். சில நேரம் ஐந்து நிமிஷம், சில நேரம் அவர் பார்க்காமலே எழுந்து மீட்டிங்குக்குப் போய்விடுவார், இவன் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வான். மூன்றாம் மாத மதிப்பீட்டில் அவனைப் பற்றி எழுதியது, கேள்வி கேட்பதில்லை, முனைப்பு போதாது. பதினாறு வருஷம் ஆசிரியர் நிமிர்ந்து பார்க்கும் வரை நிற்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள். எழுந்து நின்று கேள்வி கேட்டவனை, மிச்சத்தை வீட்டில் போய்ப் படி என்று உட்கார வைத்தவர்களும் நாங்கள்தான்.

சம்பளக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, கையில் வருவது இருபத்திரண்டாயிரம் சொச்சம். புதிதாகச் சேர்கிறவனுக்கு இந்தத் தொகை நான் வேலைக்கு வந்த காலத்திலிருந்து அந்த மூன்று மூன்றரையிலேயே நிற்கிறது, பெட்ரோலும் பிஜி வாடகையும்தான் ஏறியிருக்கின்றன. கடன் தவணை ஐந்தாயிரம் சொச்சம், பிஜிக்கு ஏழாயிரத்து ஐந்நூறு, வீட்டுக்கு ஐந்தாயிரம், தோடு மீட்க இரண்டாயிரம். மிச்சத்தில் பஸ், போன், வாரநாள் மதியச் சாப்பாடு, ஏனென்றால் அந்த பிஜியில் மத்தியானம் கிடையாது. ஆபீஸ் உணவகம் விலை அதிகம் என்று காலையில் பிஜியில் போடுகிற இட்லியில் நாலைந்தை டப்பாவில் எடுத்துப் போவானாம், அதை எல்லோர் முன்னாலும் திறக்கக் கூச்சப்பட்டு மூன்று மணிக்கு, கூட்டம் போன பிறகு சாப்பிடுவானாம். இதெல்லாம் ஒரேயடியாகச் சொல்லவில்லை, மாதத்துக்கு ஒன்றாகத்தான் வெளியே வந்தது.

இது ஒரு பையன் கதை, கூச்ச சுபாவம், விடுங்கள் என்பவர்கள் இருப்பார்கள். இரண்டு வருஷத்துக்கும் மேல் காத்திருந்து மைசூரு வளாகத்தில் ஒரு பெரிய நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்களில் முந்நூறு பேருக்கு மேல், உள்தேர்வில் மூன்று முறையும் தேறவில்லை என்று 2025 பிப்ரவரியில் வெளியே அனுப்பப்பட்டதை நீங்களே செய்தியாகப் போட்டிருக்கிறீர்கள். 2024 ஜூலையில் புனேயில் ஒரு பெரிய தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்து நாலு மாதமே ஆன, கேரளத்தைச் சேர்ந்த இருபத்தாறு வயதுப் பெண் இறந்துபோனார். வேலைச்சுமையைச் சொல்லி அவருடைய அம்மா நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதம் செப்டம்பரில் வெளியாகி நாடு முழுவதும் பேசினார்கள். நானும் படித்தேன். ஒரு தாய் கடிதம் எழுதிய பிறகுதான் நமக்குத் தெரிகிறது, அதுவரை அந்தப் பெண் எந்தப் பட்டியலிலும் நல்ல எண்தானே.

தூக்கம் இல்லாத நாட்களில் அவனுக்கு 14416 எண்ணைக் கொடுத்தேன். டெலிமானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, காசு கிடையாது, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அவன் சொன்ன பதில், "அது ரொம்ப முடியாதவங்களுக்கு சார்." அரசுத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர் இருப்பார் என்றேன், அதற்கும் அதே பதில். பல் வலித்தால் பல் விழும் வரை காத்திருப்பாயா என்று கேட்டேன், "காத்திருப்போம் சார், எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான்" என்றான். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, என் அப்பாவும் அப்படித்தான். கடைசியில் ஒரு ராத்திரி அவன் அறைத் தோழன், விருதுநகர்ப் பையன், ஸ்பீக்கரில் போட்டு அந்த எண்ணை அழைத்து, தனக்கு என்று சொல்லிப் பேச ஆரம்பித்து, பாதியில் போனை இவனிடம் கொடுத்திருக்கிறான். நாற்பது நிமிஷம் பேசினானாம். ராத்திரித் தூக்கத்துக்கு இரண்டு மூன்று யோசனை சொன்னார்கள், பத்து நாள் கழித்து மறுபடி பேசினார்கள். அவ்வளவுதான். பெரிய அற்புதம் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு மேனேஜர் மேஜைக்குப் போகாமல் சாட்டில் கேள்வி கேட்க ஆரம்பித்தான், எழுத்தில் பேர் போடுவது வாயால் சொல்வதை விட லேசாக இருந்ததாம்.

இப்போது நான் செய்வது ஒன்று உண்டு. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் போன மே மாதம் வெளியேறிய 58 பேரையும் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் பதினாலு பதினைந்து பேருக்கு போன், ஆக மாதத்துக்கு ஒரு சுற்று. வேலை கிடைத்ததா என்று கேட்பதில்லை, அது அவர்களே சொல்வார்கள். சாப்பிட்டாயா, ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறாய், யாருடன் பேசுகிறாய். முதல் இரண்டு மாதம் பயந்துபோய், "சார், ஏதாவது சர்டிபிகேட் பிரச்சினையா" என்றுதான் கேட்டார்கள். இப்போது சிலர் வெள்ளிக்கிழமையே மெசேஜ் போட்டுவிடுகிறார்கள். என் மனைவிக்குச் சனிக்கிழமை சாயங்காலம் போவதில் கோபம், அதுவும் நியாயம்தான், ஏனென்றால் இது எனக்குச் சம்பளம் கொடுக்கிற வேலை இல்லை.

அதனால்தான் இதைக் கல்லூரியின் வேலையாக ஆக்கச் சொல்கிறேன். நல்ல மனசுக்காரர் ஒருத்தர் செய்வார் என்று விட்டால் அவர் மாற்றலாகிப் போனதும் நின்றுவிடும். வெளியேறிய பிள்ளைகளை ஒரு வருஷம் பட்டியலிலேயே வைத்திருங்கள். அடையாள அட்டையை வாங்காதீர்கள், அல்லது வேறு நிறத்தில் ஒன்று கொடுங்கள், ஆலோசகர் அறைக்கும் நூலகத்துக்கும் அது செல்லட்டும். இருபது பேருக்கு ஓர் ஆசிரியர், மாதம் ஒரு போன், அந்த மணி நேரத்தை வேலைநேரத்தில் கணக்கு வையுங்கள். நான் முதல்வன் திட்டத்தை 2022ல் அரசு தொடங்கியது, எங்கள் பிள்ளைகள் அதில் நிறையக் கற்றுக்கொள்கிறார்கள், நான் குறை சொல்ல வரவில்லை. வேலை வாங்குவதற்கு இவ்வளவு சொல்லிக் கொடுக்கிற இடத்தில், காத்திருக்கும்போது என்ன செய்வது, முதல் சம்பளத்தை எப்படிப் பிரிப்பது, மேனேஜரைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாவிட்டால் என்ன செய்வது என்று பத்து மணி நேரம் சேர்த்தால் போதும். கல்விக் கடன் தவணையை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணுங்கள், ஆஃபர் கொடுத்த கம்பெனியின் லெட்டரே ஆதாரம். கம்பெனிகளிடம் எனக்குக் கேட்க ஒன்றுதான், தேதி சொல்லுங்கள், முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள். இல்லை என்ற பதிலைத் தாங்கிக்கொண்டு வேறு வேலை தேடிப் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தினமும் ஸ்பேம் பெட்டியைத் திறந்து பார்ப்பவனால்தான் எங்கேயும் நகர முடிவதில்லை.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த மே மாதம் அந்த முழுப்பக்க விளம்பரங்களை வாங்கும்போது, ஆஃபர் பெற்றவர்கள் இத்தனை பேர் என்பதற்குப் பக்கத்தில், போன வருஷம் ஆஃபர் பெற்றவர்களில் சேர்ந்தவர்கள் இத்தனை பேர் என்று ஒரு வரியும் தரச் சொல்லுங்கள். தராவிட்டால் போட மாட்டோம் என்று சொல்ல உங்களால் முடியுமா தெரியவில்லை, விளம்பர வருமானம் எனக்கும் புரியும். எங்கள் நிர்வாகத்திடம் நான் கேட்டுப் பார்த்தேன், "மத்த காலேஜ் போட்டா நாமளும் போடலாம்" என்றார்கள். எல்லாக் கல்லூரியும் அதையே சொல்லும். ஆகவே யாராவது வெளியிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

பள்ளிபாளையத்துப் பையன் இப்போது நன்றாக இருக்கிறான். கம்பெனி மாறிவிட்டான், சம்பளம் கொஞ்சம் கூடியிருக்கிறது, தோடு வீட்டுக்கு வந்துவிட்டது. குழுவில் மறுபடி சேர்க்கட்டுமா என்று கேட்டேன், "வேண்டாம் சார், நீங்க கூப்பிடுறீங்கள்ல" என்றான்.

இந்த மாதச் சுற்றில் இன்னும் ஒன்பது பேர் பாக்கி. அதில் ஒருவனுடைய எண் உபயோகத்தில் இல்லை என்கிறது, போன மாதமே அப்படித்தான் சொன்னது, நெட்வொர்க் கோளாறு என்று விட்டுவிட்டேன். அவனுடைய அப்பா குமாரபாளையத்தில் சாயப்பட்டறையில் இருக்கிறார், அவர் எண் அட்மிஷன் படிவத்தில் இருக்கும். திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் போய் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் உதவிப் பேராசிரியர்,
நாமக்கல் மாவட்டம்.